தீவுக்குச் செல்வோர் கவனத்துக்கு

ஒருநாள் பயணத்துக்கு ஒரு பை போதும். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற தீவுக்குச் சக்கரம் வைத்த பெட்டியை உருட்டிக்கொண்டு வருவார்கள். உள்ளே நான்கு ஜோடி உடுப்பு இருக்கும், குடிக்கத் தண்ணீர் இருக்காது.

மேடம், நீங்கள் கேட்டதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். அதை மட்டும் எழுதிக்கொண்டால் நாளைக்குப் படிக்கிறவர்கள் என்னை ஆத்திரக்காரி என்று நினைப்பார்கள். எனக்கு ஆத்திரம் வராது. படகுத்துறையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் என்னை அங்கே விசிலக்கா என்பார்கள். இருபத்தாறு வருடத்தில் அந்த விசிலக்கா குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

எங்கள் அலுவலகம் துறைக்கு எதிரே ஒரே ஒரு அறை. சுவரில் லைஃப் ஜாக்கெட்டுகளை அளவு வாரியாக மாட்டியிருப்பேன். கரும்பலகையில் அன்றைக்குத் தண்ணீர் ஏறுகிற நேரமும் இறங்குகிற நேரமும் இருக்கும். வருகிறவர்கள் முதலில் பையை என் மேசையில் கொட்ட வேண்டும். சிலர் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பேன். தாடையில் கட்டுகிற கயிறு இல்லாத தொப்பி காற்றுக்குத்தான் சொந்தம். முழுக்கைச் சட்டை வேண்டும், தடித்த அடியுள்ள ரப்பர் செருப்பு வேண்டும். பவளப்பாறையைக் கல் என்று நினைத்துவிடுகிறார்கள். அது உயிருள்ளது. அது கிழித்த காயத்தில் அதன் துணுக்குகள் தங்கி, பத்து நாள் கழித்துச் சீழ் வைக்கும். ஒரு வாலிபனுக்குக் கணுக்கால்வரை ஏறி, கடைசியில் பாதத்தையே எடுத்தார்கள். செருப்புப் போட்டால் படம் நன்றாக வராது என்று கழற்றிவைத்தவன் அவன்.

மற்றவை என் பையில் இருக்கும். ஜெல்லிமீன் பட்டால் ஊற்ற வினிகர், உப்புச் சர்க்கரைப் பொட்டலம், வாந்தி மாத்திரை, துணிச்சுருள், கத்தரிக்கோல், தண்ணீர் புகாத உறைகள்.

இந்தப் பையின் அருமை தெரிய ஒரு சம்பவம் சொல்கிறேன். பதினொரு வருடத்துக்கு முன் என் தம்பிக்கு உயிர்ச் சிநேகிதன் ஒருவன் இருந்தான். எஞ்சின் மெக்கானிக். படகின் பின்பக்கம் தண்ணீரில் இறங்கி, எஞ்சின் விசிறியில் சுற்றியிருந்த வலைக்கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தான். விசிறி சுழன்றுவிட்டது. வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. அலறலில் துறையே கூடிவிட்டது, ஆனால் ஒருவருக்கும் கை ஓடவில்லை. நான்தான் முழங்கைக்குமேல் இறுக்கிக் கட்டினேன். நான்தான் முங்கி விரல்களைத் தேடினேன். மூன்று கிடைத்தன. ஈரத்துணியில் சுற்றி, உறையில் போட்டு, அந்த உறையைப் பனிக்கட்டிக்குள் வைத்துக் கொண்டுபோனேன். இவ்வளவு சுத்தமாக யாரும் கொண்டுவந்ததில்லை என்று டாக்டர் சொன்னார். எலும்பு நொறுங்கியிருந்ததால் ஒட்டவைக்க முடியவில்லை. அது வேறு விஷயம்.

படகு ஓட்டுவது என் தம்பி. அவனைத் தம்பி என்பதா, மகன் என்பதா என்று எனக்கே சில சமயம் குழம்பும். என்னைவிடப் பதினான்கு வயது சின்னவன். அப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அம்மா காய்ச்சலில் போனபோது அவனுக்கு மூன்று வயது. அன்றிலிருந்து அவனைக் குளிப்பாட்டியது, நகம் வெட்டியது, நீச்சல் பழக்கியது எல்லாம் நான். எனக்கு இரண்டு வரன் வந்தது. இரண்டு பேரும் தம்பியை விடுதியில் சேர்க்கலாம் என்றார்கள். வந்த வழியே அனுப்பிவிட்டேன். இதைத் தியாகம் என்று எழுதாதீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

முப்பத்திரண்டு வயதுவரை அவன் ஒரு முடிவும் என்னைக் கேட்காமல் எடுத்ததில்லை. பிறகு அவள் வந்தாள்.

அவள் ஒரு பள்ளியில் நீச்சல் பயிற்சியாளர். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் படகில் வந்தாள். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே படகின் விளிம்பிலிருந்து ஜாக்கெட் இல்லாமல் குதித்து, படகுக்கு அடியில் நீந்தி, மறுபக்கம் எழுந்தாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். தம்பியும் தட்டினான். நான்கு மாதத்தில் கல்யாணம்.

கெட்டவள் இல்லை. அப்படிச் சொன்னால் பொய்யாகிவிடும். எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டபோது பத்து நாள் எண்ணெய் தேய்த்துவிட்டாள். மாமியார் இல்லாத வீட்டில் நாத்தனாரை மாமியாராக மதித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் எதற்கெடுத்தாலும் சிரிப்பு. என் பையைப் பார்த்தால் அதற்கும் ஒரு சிரிப்பு.

"அண்ணி, ஒரு நாள் போயிட்டு வர்றதுக்கு ஒரு ஆஸ்பத்திரியையே தூக்கிட்டு வர்றீங்களே. டாக்டர மட்டும் விட்டுட்டீங்க, பாவம்."

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அந்த மாதிரி அவன் சிரித்து நான் கேட்டதில்லை. என்னோடு இருக்கும்போதும் சிரிப்பான். முதலில் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பான்.

இரண்டு வருடம் அவள் எங்களோடு கடலுக்கு வந்தாள். ஜாக்கெட் போடமாட்டாள், உச்சி வெயிலில் நீந்துவாள், நீரோட்டம் இழுக்கிற இடத்தில் மிதந்து காட்டுவாள். ஒரு கீறல்கூடப் பட்டதில்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. ஒன்றும் ஆகாதவர்களைப் பார்த்துப் பார்த்து மற்றவர்களும் கெட்டுப்போவார்கள். தம்பி ஜாக்கெட்டின் மேல்கொக்கியைப் போடாமல் விட ஆரம்பித்தான்.

போன செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

நான்கு பயணிகள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் அவர் மனைவியும் ஒரு ஜோடி, புதிதாகக் கல்யாணமானவர்கள் ஒரு ஜோடி. எங்கள் பக்கம் நாங்கள் மூவர். துறையில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது தம்பி என் பக்கத்தில் வந்து நின்றான். சின்ன வயதில் ஏதாவது உடைத்துவிட்டு வந்து நிற்பான், அதே மாதிரி.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது."

"தண்ணி கேன் ஏத்திட்டியா?"

"ஏத்திட்டேன். அக்கா, அவளுக்குப் பெரிய ஊர்ல ஒரு ஸ்கூல்ல வேலை கெடச்சிருக்கு. எனக்கும் அங்க ஏரியில படகு ஓட்டுற வேலை சொல்லி வச்சிருக்காங்க. அடுத்த மாசம் கெளம்பலாம்னு இருக்கோம்."

நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். சுருட்டி முடித்தேன்.

"நீயும் எங்ககூட வந்துடணும். வீடு பாத்தாச்சு. உனக்குன்னு தனியா ஒரு ரூம் இருக்கு. ஜன்னல்கூட இருக்கு அக்கா."

"சரி. ஜாக்கெட்ட எண்ணு."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. நான் சம்மதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் அவள் வந்து என் கையைப் பிடித்தாள். "அவர் சொல்லிட்டாரா அண்ணி? நீங்க வரலைன்னா அவர் அங்க ஒரு வேளைகூட ஒழுங்கா சாப்பிட மாட்டாரு. எனக்கும் இந்த நேரத்துல பக்கத்துல ஆள் வேணும்."

அவள் மூன்று மாதம் என்பது எனக்குத் தெரியுமா என்று நேற்று இரண்டு தடவை கேட்டீர்கள். தெரியும். கர்ப்பிணிகளை ஏற்றக் கூடாது என்று எங்கள் அறை வாசலில் நானே எழுதி மாட்டியிருக்கிறேன். அதைத் தினமும் தாண்டித்தான் அவள் படகில் ஏறினாள்.

கடலில் ஓட்டியவனை ஏரியில் ஓட்டச் சொல்கிறாள். வளர்த்தவளுக்கு ஜன்னல் வைத்த அறை தருகிறாள். இதை எல்லாம் அவள் அன்பாகத்தான் செய்தாள். அன்பாகச் செய்கிறவர்களை எதிர்த்துப் பேசி ஜெயிக்க முடியாது, மேடம். எனக்கு அது முன்பே தெரியும்.

ஏனென்றால் அந்த மெக்கானிக்கும் நல்லவன்தான். சரக்குக் கப்பலில் தனக்கும் தம்பிக்கும் சேர்த்து வேலை வாங்கியிருந்தான். மூன்று வருட ஒப்பந்தம். தம்பி பெட்டிகூட வாங்கிவிட்டான். விசிறி தானாகச் சுழலாது என்று உங்களுக்கு இதற்குள் தோன்றியிருக்கும். சாவியைத் திருப்பியது நான். ஒரு விநாடிதான், உடனே அணைத்துவிட்டேன். பையைத் தூக்கும்போது பட்டை சாவியில் மாட்டிக்கொண்டது என்றேன். எல்லோரும் நம்பினார்கள். சாவியை எஞ்சினிலேயே விட்டது தன் தப்பு என்று தம்பி ராத்திரி பகலாக அழுதான். நான் மறுக்கவில்லை. அந்த நினைப்பு அவனைப் பதினொரு வருடம் வீட்டோடு பத்திரமாக வைத்திருந்தது. நண்பன் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு அவன் வேறு எங்கும் போகவே இல்லை.

நான்கு விரல்தான். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. இவள் விஷயத்திலும் அப்படி ஏதாவது போதுமா என்று படகில் போகும்போது ஐம்பது நிமிடமும் யோசித்தேன். கால் உடைந்தால் மூன்று மாதத்தில் கூடிவிடும், பிறகு கிளம்பிவிடுவார்கள். வேறு வழி தெரியவில்லை.

தீவில் ஆள் குடியிருப்பு கிடையாது. ஒரு பக்கம் மணல், மரநிழல். மறுபக்கம் பாறையும் பவளத்திட்டும். நடுவில் மேடு இருப்பதால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தெரியாது. இறங்கியதும் நான் முதலில் போய் இடம் பார்த்துவருவது வழக்கம். அன்றும் போனேன். தலைமையாசிரியர் மனைவி தண்ணீருக்குள் பார்க்க மாட்டுகிற கண்ணாடியைக் கையோடு கொண்டுபோய், பாறைக்கடியில் இடுப்பளவுத் தண்ணீரில் போட்டுவிட்டு வந்தேன். முன்னேற்பாடு இல்லாமல் நான் எதையும் செய்வதில்லை.

சாப்பாடு முடிந்து எல்லோரும் நிழலில் சாய்ந்தார்கள். தம்பி தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு தூங்கிவிட்டான். நான் அவளைக் கூப்பிட்டேன். அந்தப் பெரியம்மாவின் கண்ணாடி பாறைப் பக்கம் கிடக்கிறது, எனக்குக் குனிந்தால் இடுப்பு பிடிக்கும், வந்து எடுத்துக் கொடு என்றேன். உடனே எழுந்தாள். ஜாக்கெட்டை நீட்டினேன். வழக்கம்போல மறுப்பாள் என்று நினைத்தேன். வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

"இனிமே ரெண்டு பேருக்கும் சேத்துப் போட்டுக்கணும்ல அண்ணி" என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

மூன்று கொக்கிகளையும் நானே மாட்டி இறுக்கினேன். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கு ஜாக்கெட் ஒரு தடை. அதைப் போட்டுக்கொண்டு முங்க முடியாது. அடியில் புகுந்து தப்ப முடியாது. தவிர, கழுத்துக்குப் பின்னால் ஒரு பட்டைப் பிடி இருக்கும். விழுந்தவரைப் படகுக்குள் இழுப்பதற்காக வைத்தது. ஒரு கையால் ஒரு ஆளைக் கட்டுப்படுத்த அதைவிடச் சௌகரியமானது கிடையாது.

அவள் முன்னால் போனாள், நான் பின்னால். குனிந்து கண்ணாடியைத் தேடினாள். அலை வருவதை எண்ணிக்கொண்டிருந்தேன். வந்த அலையோடு சேர்த்து, பிடியைப் பிடித்துத் தலையைப் பாறையில் மோதினேன். சத்தம் பெரிதாக இல்லை. அவள் திரும்பினாள். புருவத்துக்கு மேல் தோல் பிளந்து, ரத்தம் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணி, வழுக்கிட்டீங்களா? என்னப் பிடிச்சுக்கங்க" என்றாள்.

இதை எழுதிக்கொள்ளுங்கள். விட்டுவிடாதீர்கள். நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்து எனக்குக் கை கொடுத்தாள்.

இரண்டாவது மோதலில்தான் புரிந்துகொண்டாள். பயிற்சி உள்ள உடம்பு. முழங்கையால் என் விலாவில் இடித்தாள். அங்கே ஒரு எலும்பில் விரிசல் விட்டிருக்கிறது என்று உங்கள் டாக்டர் சொன்னார். வாயைப் பொத்தினேன், முன்கையைக் கடித்தாள். சதை பெயர்கிற மாதிரி கடித்தாள். மூன்றாவதும் நான்காவதும் பலமாகவே மோத வேண்டியிருந்தது. நான்காவதில் பாறை ஓரம் நெற்றிப்பொட்டில் இறங்கியது. கை கால் தளர்ந்தது. மூச்சு இருந்தது.

ஜாக்கெட் மிதக்கவைக்கும் என்பதால் கொக்கிகளைக் கழற்றினேன். முகத்தைக் கீழே திருப்பி, முதுகில் முழங்காலை வைத்து அழுத்தினேன். நூற்றெண்பதுவரை எண்ணினால் போதும் என்பார்கள். ஆனால் அவள் நான்கு நிமிடம் மூச்சடக்குவாள் என்று தம்பி எல்லோரிடமும் பெருமை பேசுவான். அதனால் முந்நூறுவரை எண்ணினேன். இருநூறு வாக்கில் ஒரு கை மட்டும் தண்ணீரைத் துழாவியது. பக்கத்தில் இருந்த என் கால்விரல்களைப் பிடித்துக்கொண்டது. பிறகு விட்டுவிட்டது.

ஜாக்கெட்டைத் திரும்ப மாட்டிவிட்டேன். என் படகில் வந்தவர்கள் ஜாக்கெட் இல்லாமல் திரும்புவது எனக்குப் பிடிக்காது. பிறகு விசிலை மூன்று முறை நீளமாக ஊதினேன்.

தம்பிதான் முதலில் மேடு ஏறி வந்தான். வெறுங்காலோடு பவளத்திட்டின் மேலேயே ஓடிவந்தான். ஒவ்வொரு அடிக்கும் பாதம் கிழிந்து, அவன் மிதித்த இடமெல்லாம் தண்ணீர் சிவந்தது.

"செருப்பு எங்கடா?" என்று கேட்டேன்.

அவன் காதில் அது விழவில்லை. அவளைக் கரைக்கு இழுத்துப் போட்டு மார்பை அழுத்தினான், வாயில் ஊதினான். முறையெல்லாம் நான் கற்றுக்கொடுத்ததுதான். பதற்றத்தில் கை மேலே ஏறிவிட்டது. இன்னும் கொஞ்சம் கீழே வைத்து அழுத்து என்று சொன்னேன். அப்படியே செய்தான். அரைமணி நேரம் செய்தான். புது மாப்பிள்ளை வந்து தோளைப் பிடித்து இழுத்தபோதும் விடவில்லை. ஒரு கட்டத்தில் அவனாகவே நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். தலைமையாசிரியர் தன் துண்டால் அவள் முகத்தை மூடினார். அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

நான் பையைக் கொண்டுவந்து அவன் காலடியில் உட்கார்ந்தேன். பாதத்தில் இடமே பாக்கி இல்லை. சதைக்குள் வெள்ளைத் துணுக்குகள் தெரிந்தன. சின்னக் கிடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். அவன் தடுக்கவில்லை. என் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஈரத்தில் சட்டைக்கை மேலே ஏறியிருந்தது.

"இது என்னக்கா?"

"அவளத் தூக்கும்போது கிழிச்சிடுச்சு. பவளப்பாறை."

அவன் என் கையைப் பிடித்துத் திருப்பினான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"பவளப்பாறைக்கு ரெண்டு வரிசைப் பல்லு இருக்குமாக்கா?"

கிடுக்கியைத் துடைத்துப் பையில் வைத்தேன். அவனிடம் பொய் சொல்லி எனக்கு அதிகம் பழக்கமில்லை. பெரும்பாலும் கேட்காததைச் சொல்லாமல் இருந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

"நீயா?" என்றான்.

"உன் நல்லதுக்குத்தாண்டா" என்றேன்.

இதற்குப்பின் நடந்ததைப் பயணிகள் நான்கு பேரும் உங்களிடம் சொல்லிவிட்டார்கள். இரண்டு ஆண்களும் சேர்ந்து இழுத்தும் அவன் கைகளைப் பிரிக்க வெகுநேரம் ஆயிற்று என்கிறார்கள். எனக்கு நேரம் தெரியவில்லை. அவன் முகம் என் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் வந்து வருடக்கணக்காயிற்று. அவன் கண்ணிலிருந்து சொட்டியது என் வாய்க்குள் விழுந்தது. அது மட்டும் நினைவிருக்கிறது.

திரும்பும்போது படகை நான்தான் ஓட்டினேன். ஓட்டக்கூடிய நிலையில் வேறு யாரும் இல்லை. ஆட்களை எண்ணினேன், ஏழு சரியாக இருந்தது. வழியில் சிக்னல் கிடைத்ததும் புது மாப்பிள்ளை போலீசுக்குப் போன் செய்துவிட்டார், கரையில் நீங்கள் காத்திருந்தீர்கள்.

அவளைக் கொன்றது நான். தெரிந்து, திட்டமிட்டு, நிதானமாகச் செய்தேன். மெக்கானிக்கின் கையையும் நான்தான் எடுத்தேன். இரண்டுக்கும் கையெழுத்துப் போடுகிறேன், என்ன தண்டனையானாலும் சரி. ஆனால் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி தப்பாக இருக்கிறது. என் கழுத்தில் இருக்கிற தடங்களைப் படம் எடுத்து, தம்பி என்னைக் கொல்ல முயன்றான் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குக் கடலில் பழக்கமில்லை, அதனால் தெரிந்திருக்காது. அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள், மேடம். மூழ்குகிறவன் முதலில் பிடிப்பது, காப்பாற்ற வந்தவரின் கழுத்தைத்தான்.